நடுங்கிய விளக்கும் ஊறுகாய் ஜாடியும்

சிங்கப்பூர் கிளமெண்டியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் லிப்டில், ஏழாம் மாடிப் பொத்தானுக்குள் இருக்கும் சிவப்பு விளக்கு இரண்டு வாரமாக நடுங்கிக்கொண்டிருக்கிறது. கூட ஏறுகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நடுவுல மாட்டிக்கப் போறோம் லா" என்று சுவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வருகிறது. எண்பது வயதுக் கிழவி லிப்டுக்குள் காரணமில்லாமல் சிரித்தால் பக்கத்தில் நிற்பவர்கள் எப்படி ஒதுங்குவார்கள் என்பது, என் வயதுத் தோழிகளே, உங்களுக்குத் தெரியாததல்ல. சிரிப்பின் காரணத்தை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். ஒரு எச்சரிக்கை: இதில் நான் நல்லவளாக வரமாட்டேன். எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், எந்தப் பக்கமாகச் சொன்னாலும் வரவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. சிராங்கூன் சாலையில் டிராம் ஓடத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சுண்ணாம்புக் காளவாய்களுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. காற்று ஒரு பக்கம் திரும்பினால் உலர்த்திய துணியில் வெள்ளைப் பொடி, மறுபக்கம் திரும்பினால் எருமைக் கொட்டிலின் வாடை. இரண்டில் எது நல்லது என்று அம்மாவும் அக்காவும் கொடிக்கயிற்றடியில் நின்று வாதாடுவார்கள்.

அப்பா கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு பெரிய ஹோட்டலில் மணிவேலை பார்த்தார். துரைமார் அறையில் பொத்தானை அழுத்தினால் கீழே சமையல்கட்டில் மணி அடித்து, பலகையில் அறை எண் விழும். அந்தக் கம்பிகளையும், அவற்றுக்குக் கரண்டு கொடுக்கும் கண்ணாடி ஜாடிகளையும் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. நவச்சாரம் கரைத்த தண்ணீரில் துத்தநாகக் கம்பி நிற்கும் ஜாடிகள் அவை. தெருவே அவரைக் 'கரண்டுக்காரர்' என்றது. கரண்டுக்காரர் வீட்டில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு.

எங்கள் பங்குக் கோவில் சாமியார் பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் தமிழ் படித்துவிட்டு வந்தவர். எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். ஒரே குறை, காது மந்தம். பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியாருக்குக் காது மந்தமாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மரக்கூண்டின் நடுவில் அவர் உட்கார்ந்திருப்பார். திரைக்கு இந்தப் பக்கம் பலகைமேல் முழந்தாளிட்டு, கம்பியழிக்கு நேராக வாயை வைத்து நாம் பாவத்தைச் சொல்லவேண்டும். "சத்தமாய்ச் சொல், மகளே" என்பார். மகள் சத்தமாய்ச் சொல்வாள். வரிசையில் நிற்கும் இருபது பேரும் கேட்பார்கள். ஒருமுறை பால்காரம்மா பாலில் தண்ணீர் கலந்ததைச் சொல்லப்போக, அடுத்த நாள் காலையில் ஆறு வீட்டில் அவளிடம் பால் வாங்கவில்லை.

ஆகவே வரிசை நான்காவது தூணுக்கு அப்பால் நிற்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. அங்கிருந்து பார்த்தால் திரைதான் தெரியும், உள்ளே ஆள் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாது. அவசரக்காரிகள் திரையை விலக்கி, உள்ளே அழுதுகொண்டிருப்பவள் மேல் போய் இடித்தார்கள்.

இதற்குத்தான் அப்பா விளக்குச் செய்தார். விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது அந்தோணியாருக்கு ஒரு நேர்ச்சை கடன்பட்டிருந்தார். எல்லாரும் மெழுகுவர்த்தி வைப்பார்கள், நான் கரண்டு விளக்கு வைக்கிறேன் என்றார். கூண்டின் உச்சியில் நெல்லிக்காய் அளவு பல்பு ஒன்று, அதன்மேல் உடைந்த அத்தர்ப் புட்டியின் சிவப்புக் கண்ணாடி. கரண்டுக்கு, கூண்டின் பின்னால் ஹோட்டலில் கழித்துப்போட்ட ஜாடிகள் நாலு. முழந்தாள் பலகைக்கு அடியில் ஒரு வில், வில்லுக்குப் பக்கத்தில் இரண்டு பித்தளைத் தகடு. ஆள் பலகையில் முழந்தாளிட்டால் வில் அமுங்கும், தகடுகள் ஒட்டும், விளக்கு எரியும். எழுந்தால் வில் பலகையைத் தூக்கிவிடும், விளக்கு அணையும். அப்பா தாமே முழந்தாளிட்டுப் பார்த்தார், எரிந்தது. கோவிலைத் திறந்து பூட்டும் கோவில்பிள்ளை முழந்தாளிட்டார், எரிந்தது. இருவரும் சேர்ந்தால் ஒரு மாட்டுவண்டியின் அச்சு முறியும் என்பதை மட்டும் யாரும் அப்போது நினைக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தபசுகாலத்தின் முதல் சனிக்கிழமை. கூட்டம் நிரம்பி வழிந்தது. நாங்கள் நாலைந்து சிறுமிகள் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பாவங்களை யோசித்துக்கொண்டிருந்தோம். போதவில்லையென்றால் ஒருத்தியிடமிருந்து ஒருத்தி வாங்கிக்கொள்வது எங்கள் வழக்கம். ஒல்லியான தையற்காரம்மா உள்ளே போனாள். விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது, மினுக் மினுக் என்று துடித்தது.

"ஏன்டி இப்படி எரியுது?" என்றாள் என் பக்கத்திலிருந்தவள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கரண்டுக்காரர் மகள் தெரியாது என்று சொல்வதா?

"ஒரு மினுக்குக்கு ஒரு பாவம்" என்றேன். "எங்கப்பா அப்படித்தான் செஞ்சிருக்காரு. எனக்குத் தெரியாதா?"

அடுத்துப் போனவள் அரிசிக்கடை அம்மா. கடைப் படியில் அவள் நின்றால் பின்னால் இருக்கும் மூட்டைகள் தெரியாது. விளக்கு அசையாமல், பீடத்து மெழுகுவர்த்திபோல எரிந்தது. "பாத்தியா, பாவமே இல்ல" என்றேன். அவளுடைய எடை குறைந்த படிக்கல்லின் கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் நம்பினோம். சொன்ன எனக்கே அரை நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை வரிசையில் நின்ற பெண்பிள்ளைகளைக் கவனித்தேன். எல்லார் கையிலும் செபமாலை. உதடு அசையவில்லை, மணி மட்டும் நகர்ந்தது. கண் விளக்கின்மேல். என்ன செய்கிறார்கள் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. மினுக்கு எண்ணிக்கொண்டிருந்தார்கள்!

"பதினேழு" என்று ஒருத்தி பெருமூச்சு விட்டாள். "பாத்தா பூனை மாதிரி இருக்கா."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானை இல்லாத வயது, பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க நான்தான் சிங்கப்பூரிலேயே கெட்டிக்காரி.

அதற்கடுத்த சனிக்கிழமை அக்காவின் முறை வந்தது.

அக்காவுக்குப் பதினெட்டு வயது. கிராஞ்சிப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் பையனுக்குப் பேசியிருந்தார்கள். பாஸ்கு என்கிற ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். நம் வழக்கப்படி மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசிக்கவேண்டும், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது மறுநாள். அதற்காக மாப்பிள்ளையின் அம்மா ரயிலேறி வந்து, என் அம்மாவுக்குப் பக்கத்தில் நான்காவது தூணருகே நின்றிருந்தார். நெட்டையான, ஈர்க்குச்சி போன்ற அம்மாள். அதிகம் பேசமாட்டார்.

அக்கா திரைக்குள் போனாள். விளக்கு மின்மினியாயிற்று. நின்று எரிந்த நேரம் ஒரு மூச்சுக்கு மேல் இல்லை. கடைசியில், மூன்று முறை மார்பில் தட்டிக்கொள்ளும் இடத்தில், மூன்று முறை பளிச் பளிச்சென்று வெட்டி நின்றது. எனக்குப் பின்னால் யாரோ ஒருத்தி மெதுவாக, ஆனால் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "நாப்பத்தொண்ணு."

மாப்பிள்ளையின் அம்மா குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "சம்பந்தி, மூணாவது ஓலைய ஒரு வாரம் தள்ளி வாசிக்கச் சொல்லலாமே. அவசரம் ஒண்ணும் இல்லையே" என்றார்.

அம்மாவின் முகம் சுண்ணாம்பாயிற்று. ஓலையே வாசிக்காமல் கல்யாணம் நின்றால் நாலு பேருக்குத்தான் தெரியும். இரண்டு வாசித்து மூன்றாவது நின்ற பெண்ணை மலாக்காவரைக்கும் பேசுவார்கள்.

அன்று வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது. அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு அக்காவின் எதிரில் உட்கார்ந்தார்.

"லைட்டுல ஒரு கோளாறும் இல்ல. நான் செஞ்சது. உண்மையச் சொல்லு."

"தங்கச்சியக் கிள்ளினேம்பா. ரெண்டு தடவ. வேற ஒண்ணும் இல்ல."

"ரெண்டு கிள்ளுக்கு நாப்பத்தொண்ணா?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. தாம் செய்த பல்பை நம்பிய அளவுக்குத் தாம் பெற்ற பெண்ணை அவர் நம்பவில்லை. நல்ல மனிதர்தான், கெட்டிக்காரர்களுக்குச் சில சமயம் வருகிற நோய் அது. நானோ தட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கருவாட்டில் முள் பொறுக்கினேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் கருவாட்டுக்கு அவ்வளவு முள்.

திங்கட்கிழமை கோவில் கூட்டுவது எங்கள் வீட்டு முறை. தேக்கா பசாரில் அம்மா வாங்கச் சொன்ன பரங்கிக்காயோடு நானும் அக்காவும் நேரே கோவிலுக்குப் போனோம். ஆளில்லாத கோவில். அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, அந்தக் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அது பாவத்த எண்ணாதுக்கா. நான்தான் சும்மா சொன்னேன்."

மூன்றாவது கிள்ளு விழுந்தது. முதல் இரண்டும் அதன் முன்னால் தடவிக்கொடுத்தது மாதிரி.

"அப்ப ஏன்டி எனக்கு மட்டும் அப்படி எரிஞ்சுது?"

"தெரியாதுக்கா." வாழ்க்கையில் முதன்முறையாக அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"போய் முழங்கால் போடு. நான் இங்கேருந்து பாக்கறேன்."

போட்டேன். அக்கா தூணருகே நின்று கூவினாள்: "எரியுது... போச்சு... எரியுது... போச்சு... அசையாதடி!"

"அசையலக்கா, மூச்சுத்தான் விடறேன்!"

"பாவம் ஏதாவது நினைக்கறியா?"

"பரங்கிக்காய நினைக்கறேன்!"

அக்கா வந்து திரையை விலக்கி என் ஒல்லிக் கால்களைப் பார்த்தாள். பிறகு அக்கா பரங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து என் கெண்டைக்காலின்மேல் வைத்தாள். வலித்தது. அவள் தூணுக்கு ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்து, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

பாவத்தை அல்ல, எங்கள் எடையைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று மாலை அப்பாவை இழுத்துவந்து காட்டினோம். அவர் முழந்தாளிட்டால் நிலையாக எரிந்தது. நான் போனால் துடித்தது. பரங்கிக்காய் வந்தால் அடங்கியது. அப்பா பலகையைத் தூக்கி வில்லை விரலால் அழுத்திப் பார்த்தார். வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தார். "என் கனத்துக்கு வெச்சுட்டேன்" என்றார். அப்புறம் அக்காவின் தலையில் கை வைத்தார். மன்னிப்பு என்ற சொல் அவருக்கு வராது. கை வைத்த விதத்தில் அது இருந்தது.

சங்கதி இத்தோடு முடிந்திருக்கலாம் என்பீர்கள். அம்மா முடியவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமியாரே பிரசங்கத்தில் விஷயத்தைச் சொல்லிவிடட்டும் என்று அப்பா ஆரம்பித்தார்.

"என்னன்னு சொல்வாரு? லேசான பொம்பளைங்களுக்கு மினுக்கும், குண்டுப் பொம்பளைங்களுக்கு மினுக்காதுன்னா? அப்புறம் யாரு நிலையா எரியறாங்கன்னு எண்ணுவாங்க. என்னைத்தான் முதல்ல எண்ணுவாங்க!"

விளக்கைக் கழற்றவும் வழியில்லை. நேர்ச்சைப் பொருள். அதோடு, மகளுக்காக ஒளித்துவைத்தார் என்று ஊர் சொல்லும். வில்லைத் தளர்த்திப் பார்த்தார் அப்பா. செங்கால் என்று மலாய்க்காரர் சொல்லும் கெட்டி மரத்தில் செய்த பலகை, கனம். ஆள் எழுந்த பிறகும் அமுங்கியே கிடந்தது. சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அப்பா அம்மாவின் மாங்காய் ஊறுகாய் ஜாடியைக் கேட்டார். அம்மா ஊறுகாயை வேறு பாத்திரத்துக்கு மாற்றும்போது, தன் பெண்ணுக்காக என்பதால் மட்டும் பேசாமல் இருந்தாள். ஜாடியில் உப்புத் தண்ணீர், அதில் இரண்டு செப்புத் தகடு. பலகைக்கடியில் இருக்கும் பித்தளைத் தகடுகள் பிரிகிறபோது கரண்டு நின்றுபோகாமல், இந்த உப்புத் தண்ணீர் வழியாகக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரும். முழு வெளிச்சம் இருக்காது, ஆனால் அணையாது. வெட்டி வெட்டி எரியாமல், மங்கும், தெளியும், அவ்வளவுதான். தகட்டை ஆழமாக இறக்கினால் வெளிச்சம் கூடும், தூக்கினால் குறையும். உப்பின் அளவை அக்கா பார்த்துக்கொண்டாள், குழம்புக்குப் போடுவதுபோல் ஒரு சிட்டிகை, நிறுத்தி, இன்னொரு சிட்டிகை. நான் முழந்தாளிட்டு மூச்சு விட்டேன். அவ்வளவு கடினமான வேலை அந்த வீட்டில் எனக்குத்தான்.

அழகாக வேலை செய்தது. தூங்குகிற குழந்தையின் மார்புபோல விளக்கு மெல்ல ஏறி இறங்கியது. அப்பா மார்பைத் தூக்கிக்கொண்டு ஹோட்டலுக்குப் போனார்.

புதன்கிழமை கோவில்பிள்ளை எங்கள் வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"கூண்டுல யாரோ ரெண்டு மணி நேரமா பாவசங்கீர்த்தனம் பண்றாங்க. சாமியாரு மேல ரூம்ல தூங்கிட்டு இருக்காரு. இப்ப உள்ள கேட்டுக்கிட்டு இருக்கறது யாரு?"

யாரும் இல்லை. பலகையில் ஆள் இல்லாதபோதும் ஜாடி வழியாகக் கரண்டு ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு மங்கலாக எரிந்துகொண்டேயிருந்தது. செத்துப்போன பழைய சாமியார் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று கோவில்பிள்ளை நினைத்து, அந்த மனிதருக்கு எதிரே தாமும் போய்ச் சொல்லலாமா என்று அரை மணி நேரம் யோசித்திருக்கிறார். சனிக்கிழமையும் இப்படி எரிந்தால் வரிசை நான்காவது தூணிலேயே உயிர்த்தெழுதல்வரை நிற்கும்.

அப்பா சோர்ந்துபோனார். ஆள் இருக்கும்போது மட்டும் ஜாடி வேலை செய்யவேண்டும். அதற்கு ஆள் இருப்பது தெரியவேண்டும். அதைச் சொல்ல இருப்பது பலகை. பலகையோ லேசான ஆளைச் சொல்லமாட்டேன் என்கிறது. அப்பா கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். அக்காதான் கம்பியழிக்குக் கீழே இருந்த கைச்சட்டத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"பாவம் சொல்றப்ப எல்லாரும் இதப் புடிச்சுக்கிட்டுத்தாம்பா இருப்பாங்க. மாரில தட்டறப்பகூட ஒரு கைய எடுக்க மாட்டோம். எடுத்தா விழுந்துடுவோம்னு இருக்கும்."

போன சனிக்கிழமை அவள் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது அந்தக் குரலில் தெரிந்தது. அப்பா உளியை எடுத்தார்.

கைச்சட்டத்தின் அடியில் ஹோட்டல் பொத்தானின் மெல்லிய வில். குழந்தை கை வைத்தாலும் அமுங்கும். ஜாடிக்குப் போகும் கம்பி இப்போது அந்தப் பொத்தான் வழியாகப் போனது. கை இருக்கும்வரை விளக்கு முழுதாக அணையாது. முழந்தாள் அழுந்தினால் தெளிவாக எரியும், தளர்ந்தால் மங்கும். கையும் காலும் எழுந்தால் இருட்டு.

அக்காவின் பேரன் பொறியியல் படிக்கிறான். இதைப் படம் போட்டுக் காட்டியபோது, "அந்தப் பொத்தானை நேராகவே இணைத்திருக்கலாமே, சின்னப் பாட்டி, ஜாடியே தேவையில்லையே" என்றான். எழுபது வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவின் ஊறுகாய் வீணாகத்தான் இடம் மாறியிருக்கிறது. "உன் பாட்டி கல்யாணம் நடந்த பிறகு வந்து பேசறவன் நீ" என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. மழை பெய்து விட்ட சாயங்காலம். கோவிலுக்குள் ஈரச் சேலையும் மெழுகும் குடைத் துணியும் கலந்த வாடை. பங்கில் உள்ள அத்தனை பெண்களும் அன்றைக்கே பாவம் செய்திருந்தார்கள் போலிருந்தது; வரிசை வாசற்படிவரை. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள், எலும்பு நொறுங்கும்படி. மாப்பிள்ளையின் அம்மா கடைசி ரயிலில் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார். இருவரும் தோத்திரம் மட்டும் சொல்லிக்கொண்டார்கள்.

அக்கா திரைக்குள் போனாள்.

விளக்கு எரிந்தது. என்னைச் சுற்றிலும் செபமாலைகள் கையிலெடுக்கப்படும் ஓசை. விளக்கு கொஞ்சம் மங்கிற்று, தெளிந்தது. நீளமாக எரிந்தது. மறுபடி மங்கிற்று. "என்ன இது, எப்படி எண்ணறது?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். மணிகள் நின்றன. மார்பில் தட்டும் இடம் வந்தது. சிவப்பு வெளிச்சம் மூன்று முறை தாழ்ந்து தாழ்ந்து எழுந்தது, அவ்வளவுதான். பிறகு இருட்டு. திரை விலகி அக்கா வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் பீடத்துக்கு முன்னால் போய் முழந்தாளிட்டாள்.

நான் மாப்பிள்ளையின் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓலையைப் பற்றி என்ன சொல்லப்போகிறார்? அவர் கூண்டின் உச்சியையே பார்த்தபடி, என் அம்மாவின் பக்கமாகக் குனிந்தார்.

"சம்பந்தி, நான் போனாலும் இப்படியே எரியுமா?"

அம்மாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு அந்த ஒல்லிக் கைகளைப் பார்த்தாள், குடையின் பிடியை அவை பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாள்.

"எரியும், சம்பந்தி. அந்தச் சட்டத்த மட்டும் விடாம புடிச்சுக்கங்க."

"தபசுகாலம் தொடங்கினதுலேருந்து நான் போகவே இல்ல" என்றார் அவர். "போன வாரம் உங்க பொண்ணுக்கே நாப்பத்தொண்ணுன்னாங்க. பச்சப் புள்ள. எனக்கு எவ்வளவு காட்டுமோன்னு பயந்துட்டேன். மருமக வீட்டாளுங்க முன்னாடி... ஓலை வாசிக்கிற அன்னிக்கு நற்கருணை வாங்கணும், அதுக்கு முன்னாடி இதுக்குள்ள போகணும். ஓலையத் தள்ளினா, ஒரு வாரம் நான் போக வேண்டாமேன்னு பாத்தேன்."

அம்மா என் கையை விட்டாள். ரத்தம் விரல்களுக்குத் திரும்பி ஓடியது. அம்மா தன் செபமாலையை எடுத்து அந்த அம்மாளின் கையில் திணித்து, முதுகில் லேசாகத் தட்டி, வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற இரண்டு பேரை ஒதுக்கிவிட்டு அனுப்பிவைத்தாள்.

அவர் உள்ளே வெகுநேரம் இருந்தார். விளக்கு அவரோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சாமியாரின் "சத்தமாய்ச் சொல், மகளே" தூண்வரை கேட்டது. அதற்கு வந்த பதில் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கு, என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான், ஆசை வரவில்லை.

வெளியே வந்தவர் நேரே பீடத்துக்கு முன்னால் போய், அக்காவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார். சாமியார் யாருக்கு எவ்வளவு அபராதச் செபம் கொடுத்தாரோ, இருவரும் ஒரே நேரத்தில் முடித்தார்கள். எழுந்திருக்கும்போது அவருக்குத் தள்ளாடிற்று. அக்கா தோள் கொடுத்தாள். அவர் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டே எங்களிடம் நடந்துவந்து, எல்லார் காதிலும் விழும்படி, அந்த மெல்லிய உடம்புக்குள் இவ்வளவு குரலா என்று நான் திகைக்கும்படி சொன்னார்:

"நாளைக்கு மூணாவது ஓலைய வாசிக்கச் சொல்லுங்க, சம்பந்தி. பூசை முடிஞ்சு சாப்பாடு உங்க வீட்டுலதான். எனக்கு ஒரு மாசமா சோறே இறங்கல."